ஏறுவது இருக்கட்டும்... இறங்கணுமே!

ஒரு சின்னப் பரிசோதனை. இந்த வாரம் கடைத்தெருப் பக்கம் போனால், ஏதாவது ஒரு சைக்கிள் கடை முன்னால் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். உள்ளே போக வேண்டாம். வாசலில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் குழந்தைகள் சைக்கிள்களை மட்டும் பாருங்கள்.

கண்ணைப் பறிக்கும். மோட்டார் பைக்குக்குப் போடுகிற மாதிரி தடித்த டயர். ஃபிரேமுக்கு நடுவில் சிவப்புக் கலரில் ஒரு ஸ்பிரிங். கேட்டால் 'ஷாக் அப்சார்பர் சார்' என்பார்கள். புலி, புயல், எரிமலை என்று ஏதாவது ஒரு வீரப் பெயர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு மலைச் சிகரத்தின் ஸ்டிக்கர்கூட இருக்கும்.

பார்த்தாச்சா? இப்போது ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். தோள்பட்டை இழுக்கிறது இல்லையா?

இந்த மாதிரி அலங்காரம் செய்த 20 இஞ்ச் சைக்கிள் ஒன்று சுமாராக 15 கிலோ இருக்கும். அதை ஓட்டப்போகிற எட்டு வயசுக் குழந்தை 25 கிலோ. அதாவது தன் எடையில் பாதிக்கும் மேலே. உங்கள் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதே விகிதத்தில் உங்களுக்கு ஒரு சைக்கிள் செய்தால் அது 42 கிலோ! ஓட்டுவீர்களா? 'போய்யா நீயும் உன் சைக்கிளும்' என்று ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். குழந்தையும் அதைத்தான் செய்கிறது. நாமோ, 'ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்தா ஓட்டவே மாட்டேங்கறான், எப்பப் பார்த்தாலும் செல்போன்' என்று பக்கத்து வீட்டில் புலம்புகிறோம்.

தப்பு குழந்தை மேல் இல்லை. குழந்தைகள் சைக்கிள் என்ற பண்டத்தின் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. வாங்குகிறவர் வேறு, ஓட்டுகிறவர் வேறு. காசு கொடுப்பவர் அப்பா. அவர் பார்ப்பது கண்ணால். மிதிக்கப்போவது குழந்தை. அதற்குத் தெரியவேண்டியது காலால். கம்பெனிக்காரர் புத்திசாலி. காலுக்கு ஒன்றும் செய்யாமல் கண்ணுக்கு எல்லாம் செய்துவிடுகிறார்.

லேசாகச் செய்யவே முடியாதா என்றால், முடியும். இங்கிலாந்தில் இஸ்லா ரௌன்ட்ரீ என்ற பெண்மணி, பழைய சைக்கிள் பந்தய வீராங்கனை, 2006-ல் குழந்தைகளுக்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். இஸ்லாபைக்ஸ். இதே அளவு சைக்கிளை ஏறக்குறைய 8 கிலோவில் செய்தார். சின்ன விரலுக்கு எட்டுகிற பிரேக், சின்னக் காலுக்கு ஏற்ற குட்டையான பெடல் தண்டு என்று ஒவ்வொன்றையும் குழந்தையை அளந்து செய்தார். விலை எக்கச்சக்கம். 2023-ல் அந்தக் கம்பெனியும் சைக்கிள் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆக, நல்லதைச் செய்ய முடியும், ஆனால் விற்றுப் பிழைப்பது கஷ்டம் என்பதுதான் நிலவரம்.

ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையிலிருந்து இயக்குநர் கமலக்கண்ணன் எடுத்த 'குரங்கு பெடல்' படம் 2024-ல் வந்தது. பார்த்திருப்பீர்கள். வாடகை சைக்கிள் காலத்துக் கதை. அப்போதெல்லாம் சிறுவர்களுக்கு ஏற்ற சைக்கிள் எங்கே இருந்தது? பெரியவர்கள் சைக்கிளின் பாருக்கு அடியில் காலை விட்டு, உடம்பை வளைத்து, இடுப்பை ஒடித்து ஓட்டினோம். பையன் மெஷினுக்கு ஏற்ப வளைந்தான். இன்றைக்கு உயரம் சரியாகிவிட்டது. பாரம் சரியாகவில்லை. இன்னமும் பையன்தான் வளைகிறான்!

சரி, அதற்காகப் புதுசு வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் கழன்றுகொள்ளப் போவதில்லை. பழசைப் பற்றிப் பேசுவோம்.

* * *

பி.காம். படித்தவனுக்கு உலகமே ஒரு பேலன்ஸ் ஷீட். தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். பொருளைப் பயன்படுத்தப் பயன்படுத்த அதன் மதிப்பு குறையும் என்பார்கள். குழந்தைகள் சைக்கிள் இந்தக் கணக்குக்குள் அடங்காத சமாசாரம். அது தேய்வதற்கு முன்னால் குழந்தை வளர்ந்துவிடுகிறது. ஏழு வயசில் வாங்கியது, பத்து வயசில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். சைக்கிள் அப்படியே இருக்கும். மொட்டை மாடியில், மாடிப்படிக்கு அடியில், பால்கனி மூலையில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக அது பதவி உயர்வு பெறும். கடைசியில் ஒருநாள் பழைய இரும்பு, பேரீச்சம்பழம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிற பொருள்களிலேயே யோக்கியமானது குழந்தைகள் சைக்கிள்தான். கெட்டுப்போனதால் விற்பனைக்கு வரவில்லை. சின்னதாகிப் போனதால் வந்திருக்கிறது. அக்கா பிள்ளை ஓட்டியது, எதிர்வீட்டுப் பையன் ஓட்டியது என்று எத்தனையோ சைக்கிள்கள் இப்படிக் கை மாறுகின்றன. அதை வீட்டிலேயே பிரித்து, நல்ல பாகங்கள் போட்டு, முன்னைவிட உசத்தியாக ஆக்கலாம். ஸ்பானரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

இங்கேதான் நம் ஆட்கள் செய்கிற வேலையைப் பார்க்கவேண்டும். பழைய சைக்கிள் வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன மாற்றுவார்கள்?

பெல்.

சந்தேகமே இல்லாமல் பெல்தான். அடுத்து ஸ்டிக்கர். அப்புறம் ஹேண்டில்பார் நுனியில் குஞ்சம், போக்கு கம்பியில் கலர் மணி, முன்னால் ஒரு கூடை, பின்னால் சிவப்பு லைட். கணக்குப் புத்தகத்தில் செலவு இரண்டு வகை. இருப்பதை இருக்கிறபடி வைத்துக்கொள்ளச் செய்வது நடைமுறைச் செலவு. பஞ்சர் ஒட்டுவது மாதிரி. பொருளின் திறனையே கூட்டுவது மூலதனச் செலவு. பெல் மாற்றுவது எதில் சேரும்? இரண்டிலும் இல்லை. அது விளம்பரச் செலவு! கம்பெனிக்காரர் கண்ணுக்குச் செய்த அதே வேலையை நாம் வீட்டில் உட்கார்ந்து தொடர்கிறோம்.

அப்படியென்றால் முதலில் மாற்றவேண்டியது எது? இதற்குப் பதில் சமவெளியில் கிடைக்காது. மலைக்குத்தான் போகவேண்டும்.

* * *

கொல்லிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். காரவள்ளியில் ஆரம்பித்தால் மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் அப்பாடா என்று சமதரை வந்துவிடும் என நினைக்காதீர்கள். ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு. பள்ளத்தில் வயல், மேட்டில் மிளகுக் கொடியும் பலாவும் அன்னாசியும். செம்மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது வாசலூர்பட்டி. படகு இல்லம் இருப்பதால் டூரிஸ்ட்டுகளுக்குப் பழகிய பெயர். படகில் ஒரு சுற்று, மிளகு ஒரு பாக்கெட், இரண்டு அன்னாசிப்பழம், கிளம்பிவிடுவார்கள்.

அந்த ஊரில் ஒரு வீட்டு முன்னால் ரோஸ் கலர் சைக்கிள் ஒன்று தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில், சக்கரம் ஆகாயத்தில். ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரேக் வயரைக் கோத்துக்கொண்டிருந்தார். நாமக்கல் லாரி பாடி பட்டறையில் நாலு வருஷம் வேலை பார்த்தவராம். பக்கத்தில் அவருடைய மகள், மூன்றாவதோ நாலாவதோ படிப்பவள், நட்டுகளை ஒரு கொட்டாங்குச்சியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புதுசு வாங்கினதா?" என்றேன்.

"இல்லீங்க சார். கீழ நாமக்கல்ல மச்சான் புள்ள ஓட்டுனதுங்க. அதுக்குப் பத்தாமப் போச்சு. பஸ்ஸுல போட்டுக் கொண்டாந்தோம்."

கூடை கழன்று திண்ணையில் கிடந்தது. இரண்டு பக்கத்துத் துணைச் சக்கரமும் போயிருந்தது. பெல்லில் பாதி இல்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் நாலு பிரேக் கட்டையும் புத்தம் புதுசு. முன் சக்கரம் வேறு ஏதோ ஒரு சைக்கிளுடையது. பளபள குரோம் ரிம் இருந்த இடத்தில் மங்கலான அலுமினிய ரிம்.

"மேடு ஏறுறதுக்கு ஒண்ணும் பண்ணலையா? பாப்பாவுக்குக் கஷ்டமா இருக்காதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏர்றதுக்கு என்னங்க சார்... முடியலைன்னா எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவும். எறக்கத்துல வர்றப்ப அந்த மாதிரி எறங்க முடியுங்களா?"

குழந்தைகள் சைக்கிள் பற்றி இதைவிடச் சுருக்கமான, இதைவிடக் கறாரான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. ஏறுவது சௌகரியம். இறங்குவது உயிர்.

பள்ளிக்கூடத்து பிசிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் உயரம், அதாவது ஒரு மூன்று மாடிக் கட்டடம் அளவுக்குச் சாலை இறங்குகிறது. பிரேக் பிடிக்காமல், காற்றும் உராய்வும் தடுக்காமல் வந்தால், கீழே வந்து சேரும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். காற்றும் டயரும் கொஞ்சம் குறைக்கும்தான். குறைத்தாலும் எட்டு வயசுக் குழந்தைக்கு அது சைக்கிள் வேகம் அல்ல, மொபெட் வேகம். அந்த வேகத்தைத் தின்று தீர்க்கவேண்டியது இரண்டு விரல் அகல ரப்பர் கட்டை. கொல்லிமலையில் மூன்று மாடி இறக்கம் ஒரு பெரிய விஷயமே இல்லை. வீட்டிலிருந்து மளிகைக் கடைக்குப் போவதற்குள் வந்துவிடும்.

அடுத்தது அந்த குரோம் ரிம். பார்க்க அழகு, மழை பெய்தால் எமன். 'பைசைக்கிளிங் சயன்ஸ்' என்று சைக்கிள் விஞ்ஞானத்துக்கே வேதம் மாதிரி ஒரு புத்தகம் உண்டு. முதல் பதிப்பு 1974. ஈரமான குரோம் ரிம்மில் சாதாரண ரப்பர் கட்டையின் பிடிப்பு, காய்ந்திருக்கும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும் என்று ஆய்வு முடிவைச் சொல்கிறது. அலுமினிய ரிம்மில் இவ்வளவு மோசமில்லை. நாமக்கல்லில் மழை எப்போதாவது. கொல்லிமலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். அந்த லாரிப் பட்டறைக்காரர் புத்தகம் படித்து ரிம் மாற்றவில்லை. மழைக்காலத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். அது போதும்.

* * *

பழைய சிறுவர் சைக்கிளை வீட்டில் உட்கார்ந்து மலைக்குத் தயார் பண்ணுவது ஏதோ ஏழை நாட்டுச் சமாளிப்பு என்று நினைக்கிறீர்களா? உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் வியாபாரங்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது.

அமெரிக்காவில் 1930, 40-களில் ஷ்வின் போன்ற கம்பெனிகள் பையன்களுக்கென்று தடித்த பலூன் டயர் போட்ட சைக்கிள்கள் செய்தன. கனமானவை, சீக்கிரம் உடையாதவை. முப்பது, நாற்பது வருஷம் கழித்து அவை பழைய சாமான் கடைகளில் கொஞ்சக் காசுக்குக் கிடைத்தன. கலிபோர்னியாவில் மரின் என்ற மலைப் பகுதி. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி போன்ற இளைஞர்கள் 1970-களில் இந்தப் பழைய சைக்கிள்களை வாங்கி மலைமேல் கொண்டுபோய் மண் ரோட்டில் இறங்க ஆரம்பித்தார்கள்.

1976 அக்டோபரில் அங்கே ஒரு இறக்கப் பந்தயம் ஆரம்பமானது. சுமார் இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. ஏன் அந்தப் பெயர் தெரியுமா? பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் நிற்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் அது சூடாகி, உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி சக்கரத்தைப் பிரித்து கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த தடவை இறங்கலாம். மறுபடி அடைப்பது என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தைதான் அது. பந்தயத்தின் பெயரே பிரேக்கின் கையாலாகாத்தனம்!

பையன்கள் விடவில்லை. டிரம் பிரேக் போட்டார்கள். மோட்டார் பைக்கின் பிரேக் லீவரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மேலே ஏறுவதற்குப் பல கியர் பொருத்தினார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புது ஃபிரேம் செய்தார். ஃபிஷரும் கெல்லியும் 1979-ல் கம்பெனி ஆரம்பித்தார்கள். 'மவுன்டன் பைக்' உலகம் முழுக்கப் பரவியது.

இப்போது நம் கடை வாசலுக்குத் திரும்பி வாருங்கள். மலை ஸ்டிக்கர் ஒட்டிய அந்தக் குட்டி சைக்கிள் யாருடைய பேரன் என்று தெரிகிறதா? தாத்தாவின் தடித்த டயர் வந்திருக்கிறது. தோரணை வந்திருக்கிறது. தாத்தா உயிரைக் கொடுத்துச் சரிபண்ணிய பிரேக் மட்டும் வரவில்லை. தகட்டில் அடித்த பிரேக், குழந்தையின் விரலுக்கு எட்டாத லீவர், ஈரத்தில் வழுக்கும் ரிம். மலை சைக்கிளின் வேஷம் போட்ட சமவெளி சைக்கிள். வேடிக்கை என்னவென்றால், மலையையே பார்க்காத நகரத்துப் பிள்ளைகளுக்கு மலை வேஷம் போட்ட சைக்கிள். மலையிலேயே பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்கு அவர்கள் ஓட்டிக் கழித்த பழசு.

* * *

இந்தக் குறை தனியார் கடையோடு முடியவில்லை. அரசாங்கம் வரைக்கும் வருகிறது.

தமிழ்நாட்டில் பள்ளி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02-ல், பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காக ஆரம்பமானது. பிறகு மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. அருமையான திட்டம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பீகார் 2006-ல் இதே மாதிரி ஒரு திட்டம் கொண்டுவந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அதை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் குழந்தைகள் 32 சதவிகிதம் கூடினார்கள் என்பது அவர்கள் கண்டது. ஒரு சைக்கிள் ஒரு பெண்ணை எட்டாம் வகுப்போடு நிற்காமல் காப்பாற்றுகிறது. இதைவிட லாபகரமான முதலீட்டை எந்த பி.காம். மாணவனும் பார்த்திருக்க முடியாது.

அதனால்தான் கேட்கத் தோன்றுகிறது. நான் பார்த்த விலையில்லா சைக்கிள்கள் எல்லாம் ஒற்றை கியர். தஞ்சாவூர் வயல்வெளி ரோட்டில் ஜம்மென்று ஓடும். அதே சைக்கிளைக் கொல்லிமலையில் ஒரு பிளஸ் ஒன் மாணவிக்குக் கொடுத்தால்? போகும்போது பாதி தூரம் அவள் சைக்கிளைத் தள்ளுகிறாள். வரும்போது சைக்கிள் அவளைத் தள்ளுகிறது.

பல கியர் வைத்த சைக்கிள் கேட்கவில்லை. அது விலை அதிகம், ரிப்பேர் வந்தால் மலையில் பார்க்க ஆள் வேண்டும். பின் சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீலைக் கொஞ்சம் பெரிசாக, கூடுதல் பல்லோடு போடலாம். ரிம்மை அலுமினியத்தில் கேட்கலாம். பிரேக் கட்டையை நல்லதாகக் கேட்கலாம். மலைப் பள்ளிகளுக்குப் போகும் சைக்கிளுக்கு மட்டும் டெண்டரில் ஒரு வரி. விலை குறைவாகக் கேட்டவருக்கே ஆர்டர் என்பது கணக்குப்படி சரி. ஆனால் என்ன பொருளுக்கு விலை கேட்கிறோம் என்பதை முதலில் சரியாக எழுதவேண்டும் அல்லவா? சமவெளியையும் மலையையும் ஒரே தராசில் வைப்பதற்குப் பெயர் சமத்துவம் இல்லை. சோம்பேறித்தனம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு நண்பர் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். 'ஆனா பாருங்க சார், நம்ம ஜனங்க எவ்வளவு கெட்டிக்காரங்க! இருக்கறதை வெச்சு எப்படியோ பண்ணிடறாங்க.' இந்தப் பாராட்டு எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. வாசலூர்பட்டிக்காரர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, கைக்காசு போட்டுச் செய்தது எதை? கம்பெனி செய்திருக்க வேண்டிய வேலையை. அவருக்கு லாரிப் பட்டறை அனுபவம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது இல்லையே? அந்த வீட்டுக் குழந்தையும் அதே இறக்கத்தில்தானே வரப்போகிறது? ஏழையின் சாமர்த்தியத்தைக் கைதட்டி ரசிப்பது சுலபம். கைதட்டுகிற சத்தத்தில் கம்பெனிக்காரர் நைசாக நழுவிவிடுகிறார்.

* * *

அவர் திருந்தும்வரை நம் வீட்டுக் குழந்தை காத்திருக்க முடியாது. அதனால் பழைய சைக்கிள் ஒன்று கையில் இருந்தால், வரிசை மாறாமல் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் ஃபிரேமையும் முன் ஃபோர்க்கையும் பாருங்கள். விரிசல், வளைவு, வெல்டிங் பற்றவைத்த தடம் ஏதாவது ஃபோர்க்கில் தெரிந்தால், தயவுசெய்து பேரீச்சம்பழத்துக்கே போட்டுவிடுங்கள். அதில் சாமர்த்தியம் காட்டாதீர்கள்.

இரண்டாவது பிரேக். கட்டை, உள் வயர், வெளி உறை மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். துருப்பிடித்த உறைக்குள் புது வயர் விட்டுப் பிரயோஜனமில்லை. கட்டை ரிம்மில் முழுசாகப் படியவேண்டும், டயரில் உரசக்கூடாது. பல பிரேக் லீவர்களில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் லீவர் ஹேண்டில்பாருக்கு அருகில் வரும். குழந்தையின் விரலுக்கு எட்டும். பைசா செலவில்லாத வேலை, பல வீடுகளில் செய்வதில்லை. தகட்டுப் பிரேக் விரலால் அழுத்தினாலே வளைகிறதா? அலுமினியத்தில் கெட்டியான பிரேக் வாங்கி அதே துளையில் மாட்டலாம். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது சக்கரம். குரோம் ரிம்மாக இருந்தால், குறைந்தபட்சம் முன் சக்கரத்தையாவது அலுமினிய ரிம்முக்கு மாற்றப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னால்தான் சாய்கிறது, நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கு. டயர் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். அச்சில் இருக்கும் பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயோ டீசலோ விட்டுக் கழுவி, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புது கிரீஸ் வையுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றவேண்டும். ஆட்டினால் பக்கவாட்டில் ஆடக்கூடாது.

நாலாவதுதான் ஏற்றம். பல்லை எண்ணுங்கள். 20 இஞ்ச் சைக்கிளில் முன்னால் 36 பல், பின்னால் 16 பல் என்று வைத்துக்கொண்டால், பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சைக்கிள் சுமார் 3.6 மீட்டர் போகும். பின்னால் 20 பல் ஃப்ரீவீல் போட்டால் 2.9 மீட்டர்தான் போகும். வேகம் குறையும். ஆனால் மேட்டில் காலுக்கு ஐந்தில் ஒரு பங்கு பாரம் குறையும். தட்டில் போடுகிற இட்லியை ஐந்திலிருந்து நாலாகக் குறைப்பது மாதிரி. ஃப்ரீவீலைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். அதற்கு மட்டும் சைக்கிள் கடைக்குப் போங்கள், அஞ்சு நிமிஷ வேலை. செயின் ஒரு கண்ணி கூடுதலாகத் தேவைப்படலாம். கையோடு அதையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வேண்டாததைக் கழற்றுவது. கூடை, துணைச் சக்கரம், பிளாஸ்டிக் அலங்காரம் எல்லாம் போகட்டும். செயின் கார்டை மட்டும் விட்டுவையுங்கள். பாவாடையும் பேன்ட்டும் மாட்டாமல் காப்பது அதுதான்.

ஊருக்கு ஊர் விலை மாறும். ஆனால் டயர், டியூப் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு புது சைக்கிள் விலையில் கால் பங்கைச் சுற்றித்தான் வரும். அந்த ஸ்பிரிங் வைத்த வேஷக்காரனைவிட இரண்டு, மூன்று கிலோ லேசான, சொன்னால் நிற்கிற சைக்கிள் கையில் இருக்கும்.

முடிந்ததும் குழந்தையைச் சமதரையில் ஏற்றி உட்காரவைத்து, இரண்டே விரலால் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். சக்கரம் அசையக்கூடாது. உங்கள் கை பலம் இதில் கணக்கே இல்லை. அந்த இரண்டு சின்ன விரலின் பலம்தான் கணக்கு. அதில் பாஸ் ஆனால்தான் சைக்கிள் தெருவுக்குப் போகவேண்டும். இறக்கத்துக்கு அதற்கும் அப்புறம்தான்.

பெல்லா? அதை மெதுவா மாத்திக்கலாம் சார்.